படகில் விசை இல்லை: உப்பனாற்றுத் துறையில் நசுங்கிய ஒரு பாதம்

கடலூர் முதுநகரில் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் உப்பனாற்றின் இரு கரைக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களில் ஒருவன், பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விசைப்படகுக்கும் துறையின் கான்கிரீட் சுவருக்கும் நடுவில் வலது பாதத்தைக் கொடுத்துவிட்டான். மேற்பாதத்தில் இரண்டு எலும்புகள் முறிந்தன. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவனும் அவன் பெற்றோரும் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். பெயர்களையும் படகின் அடையாளத்தையும் விட்டுவிட்டேன்.

பார்க்கப் போனபோது அவன் சொன்னது இது: "படகு வேகமா வரல சார். ஊர்ந்துதான் வந்துச்சு. காலை வெச்சா நின்னுடும்னுதான் வெச்சேன்."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவன். அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே இயக்க விதிகள். உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் 20 டன் படகு ஊர்ந்து வந்தபோது அவன் பார்த்தது வேகத்தை மட்டும்தான். நிறை அவன் கண்ணில் படவே இல்லை. அதனால் இந்த விபத்தையே பிளஸ் ஒன் வகுப்பில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம்.

நடந்தது

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் படகை மேலே ஏற்றி மராமத்து பார்ப்பார்கள். இவன் அப்பாவிடம் இருப்பது சிறிய ஃபைபர் படகு. கோடை விடுமுறை முழுக்க அப்பாவோடு போய்வந்திருக்கிறான். கரை சேரும்போது படகின் விளிம்பில் உட்கார்ந்து, காலை நீட்டிச் சுவரில் ஊன்றி, படகு மோதாமல் தாங்குவது அவன் வேலை. இரண்டு மாதத்தில் அது கைவந்த கலை ஆகிவிட்டது. இல்லை, கால்வந்த கலை என்றுதான் சொல்ல வேண்டும்.

தடைக்காலம் முடிந்து இரண்டாவது வாரம் மாமாவின் விசைப்படகில் உதவிக்குப் போனான். அதிகாலையில் திரும்பினார்கள். துறையில் இடநெருக்கடி, படகுகள் வரிசையாக நின்றன. டிரைவர் முன்மூலையைச் சாய்த்துக் கொண்டுவந்தார். படகின் பக்கவாட்டில் பழைய லாரி டயர்கள் தொங்கும், எல்லாப் படகுகளிலும் பார்க்கலாம். அன்று முன்மூலை டயரின் கயிறு அறுந்து, டயர் இல்லாமல் இருந்தது. பையன் சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் காலை நீட்டினான். "டேய், காலை எடுடா" என்று மாமா கத்தியிருக்கிறார். முழங்கால் மடங்கியது, பாதம் வழுக்கி இடுக்கில் இறங்கியது, அவ்வளவுதான்.

கரையில் நின்ற ஒருவர் வேறு எதற்கோ செல்போனில் எடுத்த காணொளியில் இது ஓரமாகப் பதிவாகியிருந்தது. அதுதான் இந்த ஆய்வுக்கு ஆதாரம். லாரி டயரின் விட்டம் ஏறக்குறைய 1 மீட்டர். பின்னால் தொங்கிய டயரையே அளவுகோலாக வைத்து, படகுக்கும் சுவருக்கும் இருந்த இடைவெளியை மாணவர்கள் திரையில் அளந்தார்கள். கடைசி 2 மீட்டர் மூடுவதற்கு 5 வினாடி. அதாவது வினாடிக்கு 0.4 மீட்டர், மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவு. பையன் சொன்னது உண்மை. படகு ஊர்ந்துதான் வந்தது.

நிறைக்கு, ஐஸ், டீசல், வலை, மீன் எல்லாம் சேர்த்து 20 டன் என்று வைத்துக்கொண்டோம். இதில் இரண்டு திருத்தங்கள் உண்டு. மிதக்கும் படகு பக்கவாட்டில் நகரும்போது தன்னைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு வருகிறது. நிறுத்துகிறவர் அந்த நீரையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். கப்பல் அணையும் தளங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் அதற்காகவே நிறையைக் கூட்டிப்போட்டுக் கணக்கிடுவார்கள். மறுபக்கம், படகு மூலையால் மோதும்போது அது திரும்பவும் செய்யும், அதனால் முழு நிறையும் அந்த மூலைக்கு வந்து சேராது. ஒன்று கூட்டும், ஒன்று குறைக்கும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு 20 டன் போதும் என்று முடிவு செய்தேன்.

நான் கேட்ட தவறான கேள்வி

முதல் நாள் வகுப்பில் கேட்டேன்: "படகு எவ்வளவு விசையோடு வந்து மோதியது?" ஏழு பேர் கணக்குப் போட்டார்கள். ஐந்து பேர் 20,000 பெருக்கல் 0.4 என்று போட்டு 8,000 நியூட்டன் என்று எழுதினார்கள். இருவர், வேகம் மாறாமல் வந்ததால் முடுக்கம் சுழி, ஆகவே விசையும் சுழி என்று எழுதினார்கள்.

இந்த இருவரின் விடையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எழுதியதில் பிழை இல்லை. சீராக வந்துகொண்டிருந்த படகின் மேல் நிகர விசை சுழிதான். பிழை என் கேள்வியில் இருந்தது. 'விசையோடு வந்து' என்று கேட்டதன் மூலம், படகு தன்னோடு விசையைச் சுமந்து வருகிறது என்று நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

நம் மொழியும் இங்கே கொஞ்சம் சிக்கலை உண்டாக்குகிறது. விசைத்தறி, விசைப்படகு என்கிறோம். அங்கே விசை என்றால் இயந்திர சக்தி. 'விசையாக ஓடினான்' என்றால் வேகம். உந்தம் என்ற சொல்லோ உந்துதலிலிருந்து வந்தது, உந்துவது என்றால் தள்ளுவது. பேருந்தில் இருப்பதும் அதே உந்துதான். ஆக, தள்ளுதலைக் குறிக்க வேண்டிய விசை என்ற சொல்லைக் கேட்டால் பிள்ளைகளுக்கு வேகமும் சக்தியும் நினைவுக்கு வருகின்றன. ஓடும் பொருளிடம் இருக்கும் அளவைக் குறிக்க வேண்டிய உந்தம் என்ற சொல்லைக் கேட்டால் தள்ளுதல் நினைவுக்கு வருகிறது. இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஐந்து பேர் உந்தத்தைக் கணக்கிட்டு நியூட்டன் என்று அலகு போட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் அடுத்த வகுப்பில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன்: படகில் விசை இல்லை. படகில் இருப்பது உந்தம், 8,000 கிலோகிராம் மீட்டர்/வினாடி. விசை என்பது படகும் அதைத் தடுப்பதும் சந்திக்கும் இடத்தில், சந்திக்கும் நேரத்தில் மட்டும் பிறக்கிறது. எவ்வளவு பிறக்கும் என்பது தடுப்பவரைப் பொறுத்தது. நியூட்டன் 1687-ல் தன் இரண்டாம் விதியைச் சொன்னபோதும் நிறை பெருக்கல் முடுக்கம் என்று சொல்லவில்லை. இயக்கத்தின் அளவில் ஏற்படும் மாற்றம், செலுத்தப்பட்ட விசைக்கு நேர்விகிதம் என்றுதான் சொன்னார். அவருடைய 'இயக்கத்தின் அளவு'தான் நம் உந்தம். பாடத்தை அங்கிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கிறது.

காலால் முடியுமா, முடியாதா

ஒரு ஆள் காலை ஊன்றித் தள்ளினால் 1,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 100 கிலோ எடை அளவுக்குத் தள்ள முடியும் என்று வைப்போம். 8,000 உந்தத்தை 1,000 நியூட்டன் விசை அழிக்க 8 வினாடி ஆகும். அந்த 8 வினாடியில் படகு 0.4-லிருந்து சுழிக்குச் சீராகக் குறைந்தால் சராசரி வேகம் 0.2. போகும் தூரம் 1.6 மீட்டர். நீட்டிய கால் முழுவதும் மடங்குவதற்குள் கிடைக்கும் தூரமோ 40 சென்டிமீட்டர்தான். முடியாது. 40 சென்டிமீட்டருக்குள் நிறுத்த 4,000 நியூட்டன் வேண்டும். 400 கிலோ மூட்டையைக் காலால் தாங்குவதற்குச் சமம்.

"அப்ப எங்கப்பா படகு மட்டும் எப்படி சார் நின்னுச்சு?" என்று மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த பையன் கேட்டான். இந்த ஆய்வின் மையமான கேள்வி அதுதான். அப்பாவின் ஃபைபர் படகு என்ஜின், வலையோடு சேர்த்து 2 டன். அதே 0.4 வேகம். உந்தம் 800. அதே 40 சென்டிமீட்டரில் நிறுத்த 400 நியூட்டன் போதும். ஒரு சிமென்ட் மூட்டையைவிடக் குறைந்த சுமை. இரண்டு மாதம் அவன் கால் நூறு முறை வென்றது. கால் மாறவில்லை, வேகமும் மாறவில்லை, நிறை மட்டும் பத்து மடங்கு ஆனது. அவன் அனுபவம் பொய் சொல்லவில்லை. அது வேறொரு படகின் அனுபவம்.

அவன் கால் எதையாவது சாதித்ததா என்பதையும் பார்த்தோம். படகின் இயக்க ஆற்றல், அதாவது ஓடுவதால் அதனிடம் இருக்கும் ஆற்றல் (நிறையில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம்), 1,600 ஜூல். 1,000 நியூட்டன் விசையோடு 40 சென்டிமீட்டர் தள்ளியதில் 400 ஜூலை அவன் வாங்கிக்கொண்டான். மீதி 1,200 ஜூல். படகின் வேகம் 0.40-லிருந்து 0.35-க்கு இறங்கியது. கால் பங்கு ஆற்றலை எடுத்தும், பார்ப்பவர் கண்ணுக்குப் படகு குறைந்ததாகவே தெரியாது. காணொளியில் எங்களுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பாதம் இடுக்கில். பாதம் நசுங்க 2 சென்டிமீட்டர் இடம் உண்டு என்று கொண்டால், 1,200 ஜூலை அங்கேயே அழிக்க 60,000 நியூட்டன் தேவை. பாதம் அதைத் தாங்கவில்லை, எந்தப் பாதமும் தாங்காது. அதற்கு வெகுமுன்பே எலும்பு விட்டுக்கொடுத்தது, மீதியைக் கான்கிரீட் நிறுத்தியது. மாமா அந்த நொடியில் என்ஜினைப் பின்னோக்கிப் போட்டதால்தான் இரண்டு எலும்போடு போனது.

டயர் இருந்திருந்தால்? அது 20 சென்டிமீட்டர் அமுங்கும் என்று கொண்டால், சராசரி விசை 8,000 நியூட்டன், நேரம் 1 வினாடி. அதே இடத்தில் 2 சென்டிமீட்டர் மட்டும் விட்டுக்கொடுக்கும் மரக்கட்டை இருந்தால் 80,000 நியூட்டன், 0.1 வினாடி. உந்த மாற்றம் இரண்டிலும் அதே 8,000-தான். விசையும் நேரமும் பெருக்கினால் வரும் அந்த அளவைத்தான் புத்தகம் கணத்தாக்கு என்கிறது. டயர் உந்தத்தைக் குறைப்பதில்லை. நேரம் கொடுக்கிறது.

ஒரு மாணவி இங்கே நல்ல கேள்வி கேட்டாள். இரண்டு பேரோடு 250 கிலோ வரும் பைக், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உந்தம் சுமார் 4,200. ஊர்ந்து வரும் படகுக்கு அதைப்போல் இரு மடங்கு. "அப்படின்னா பைக்கைவிடப் படகுதான் ஆபத்தா சார்?"

அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். இயக்க ஆற்றலைப் பார்த்தால் பைக்கிடம் சுமார் 34,700 ஜூல், படகிடம் 1,600. இரண்டையும் அதே 1,000 நியூட்டனால் நிறுத்துவதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். பைக் 4.2 வினாடியில் நிற்கும், ஆனால் அதற்குள் 35 மீட்டர் ஓடியிருக்கும். படகு நிற்க 8 வினாடி ஆகும், ஆனால் 1.6 மீட்டர்தான் நகரும். எத்தனை நேரம் என்ற கேள்விக்கு உந்தம் பதில் சொல்கிறது. எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு இயக்க ஆற்றல் பதில் சொல்கிறது. எது உண்மையான 'இயக்கத்தின் அளவு' என்று ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பெரிய சண்டையே நடந்தது. பிரெஞ்சு அறிஞர் டேகார்ட் வழிவந்தவர்கள் நிறையை வேகத்தால் பெருக்கினார்கள். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1686-ல் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்றார். 1720-களில் ஹாலந்தில் கிராவசாண்டே என்ற இயற்பியலாளர் பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் போட்டு, பள்ளம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே ஆழமாகிறது என்று காட்டினார். இரண்டு பக்கமும் சரி, கேள்விகள்தான் வேறு. இதைப் பத்தாம் வகுப்பிலேயே ஒரு பத்தி சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மூன்றாம் விதியில் ஒரு முடிச்சு

"படகு காலை அதிகமா தள்ளுச்சு, கால் படகைக் கம்மியா தள்ளுச்சு, அதனாலதான் கால் உடைஞ்சுது." ஏழு பேரில் ஆறு பேர் இதைத்தான் சொன்னார்கள். விசையும் எதிர்விசையும் சமம் என்று எழுதத் தெரிந்த பிள்ளைகள்தான்.

படகு பாதத்தைத் தள்ளிய விசையும், பாதம் படகைத் தள்ளிய விசையும் ஒவ்வொரு நொடியும் சமமாகவே இருந்தன. ஆனால் அதே அளவு விசை எலும்பின் மேல் விழுந்தால் ஒரு விளைவு, 20 டன் படகின் மேல் விழுந்தால் வேறு விளைவு. முட்டையும் அம்மிக்கல்லும் முட்டிக்கொண்டால் இரண்டுக்கும் ஒரே அடிதான், ஓடு மெல்லியது என்பதால் முட்டை போகிறது. பாதிப்பு சமம் என்று விதி எங்கும் சொல்லவில்லை. இதை ஒத்துக்கொள்ள ஒரு முழு வகுப்பு ஆனது. ஆனால் அந்த நேரம் வீண் இல்லை.

வண்டியும் களிமண்ணும்

கணக்கு மட்டும் போதாது என்று தோன்றியது. ஒரு தள்ளுவண்டியில் நான்கு மணல் மூட்டைகளை ஏற்றினோம், வண்டியோடு சேர்த்து 240 கிலோ. தரையில் 3 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் கோடு போட்டு, அதை 10 வினாடியில் கடக்கும்படி மெல்ல உருட்டிவிடப் பழகினோம். வினாடிக்கு 0.3 மீட்டர். சுவரில் சாய்த்த பலகையில் ஒரே அளவில் உருட்டிய களிமண் உருண்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, வண்டியின் முன்கட்டையால் மோதவிட்டோம். உருண்டை அடை மாதிரி ஆகிவிட்டது. அடுத்து, பாதிக் காற்று அடைத்த ஸ்கூட்டர் டியூபை உருண்டைக்கு முன்னால் வைத்து அதே வேகத்தில் விட்டோம். உருண்டையின் முகம் லேசாகத் தட்டையானது, அவ்வளவுதான். டியூபும் உருண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் இரண்டின் மேலும் ஏறக்குறைய ஒரே விசைதான். டியூப் நெடுநேரம் விட்டுக்கொடுத்ததால் அந்த விசை ஒருபோதும் பெரிதாக வளரவில்லை.

வண்டி வருகிறபோது கையை நடுவில் வைக்கக் கூடாது என்று முன்பே கட்டளை. இந்தச் சோதனையைச் செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கும் அதையே சொல்கிறேன். 0.3 என்பது விரல் நசுங்கப் போதுமான வேகம்.

கயிறு

ஆகஸ்டில் கட்டுப் பிரித்த பிறகு அவனையும் மற்ற ஆறு பேரையும் ஒரு காலை துறைக்கு அழைத்துப்போனேன். பெரியவர்கள் யாரும் காலால் தாங்குவதில்லை என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் கவனித்தார்கள். டிரைவர் தூரத்திலேயே என்ஜினைப் பின்னோக்கிப் போடுகிறார். விசிறி நீரை முன்னால் தள்ள, நீர் படகைப் பின்னால் தள்ளுகிறது. பத்து மீட்டர் முன்பே தொடங்குவதால் சிறிய விசையே போதுகிறது. பக்கவாட்டில் வருவதை டயர் வாங்கிக்கொள்கிறது. முன்னோக்கிப் போகும் மிச்ச ஓட்டத்தைக் கயிறு பிடிக்கிறது.

கயிற்றைப் பிடித்தவர் அறுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. கரைக்குத் தாவி, தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்து நழுவவிட்டார். படகு வந்து நின்றது. "தாத்தா, ஏன் உடனே இறுக்கிக் கட்டல?" என்று ஒருவன் கேட்டான். "கட்டுனா கயிறு தெறிச்சுப் போயிடும்டா. விட்டுப் பிடிக்கணும்."

விட்டுப் பிடிப்பது என்ற இரண்டு சொல்லில் கணத்தாக்கு முழுவதும் இருக்கிறது. சுற்றிய கயிற்றின் உராய்வு பெருக்கல் முறையில் ஏறும். உராய்வுக் குணகம் (கயிறும் தூணும் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதன் அளவு) 0.3 என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு இழுவிசை ஏறத்தாழ ஆறரை மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. அவர் கை 50 நியூட்டன், அதாவது 5 கிலோ எடைக்குப் பிடித்தால் படகின் பக்கம் 2,150 நியூட்டன். 0.4 வேகத்தில் வரும் 20 டன் படகு முக்கால் மீட்டர் கயிறு நழுவுவதற்குள், நான்கு வினாடிக்குள் நின்றுவிடும். நழுவவிடாமல் கட்டினால் கயிறு நீளும் சில சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். தேவைப்படும் விசை பல மடங்கு ஏறி, கயிறோ தூணோ போய்விடும்.

பையன் அடுத்த படகுக்குத் தானே கயிறு வாங்கினான். அவர் பக்கத்தில் நின்று சுற்றச் சொல்லிக்கொடுத்தார். சின்ன ஃபைபர் படகுதான். நின்றதும் தூணில் கயிறு பட்ட இடத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். "சுடுது சார். படகு இவ்ளோ மெதுவா வந்தும் ஏன் சுடுது?"

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பெரிய படகின் 1,600 ஜூலும் வெப்பமானால்கூட ஒரு லிட்டர் தண்ணீர் அரை டிகிரியும் சூடேறாது. ஆனால் இங்கே ஆற்றல் முழுவதும், கயிறும் தூணும் உரசும் மெல்லிய மேற்பரப்பில், சில நொடிக்குள் வந்து சேர்கிறது. பரவ நேரம் இல்லாத வெப்பம் அந்த நார்களிலேயே தங்கிவிடுகிறது. பையன் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான். அதற்குள் ஆறியிருந்தது.